பெருமாள் ஹாலிஎலவுக்குத் திரும்பிய சனிக்கிழமை

பதுளைக் கடைவீதியில் கம்பளி வாங்குகிறவர்கள் ராமாமிர்தம் பிள்ளையின் கடைக்குத்தான் போவார்கள். வேறு கடை இல்லாமல் இல்லை. ஆனால் எந்தக் கம்பளி தேயிலைத் தோட்டத்து மழைக்குத் தாங்கும், எது ரெண்டு நனைப்பில் சுருங்கிக் கைக்குழந்தைக்கு ஆகிப்போகும் என்று அவருக்குத்தான் தெரியும் என்று பேர். அந்தப் பேரை ஊருக்குள் பரப்பியதும் பெரும்பாலும் அவரேதான். தன்னைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொல்ல அடுத்தவர் வாயைப் பார்த்துக்கொண்டிருக்கிற ஆள் இல்லை அவர்.

மீசை சரியாக முளைக்காத வயதில் திருச்சிப் பக்கத்திலிருந்து இலங்கைக்கு வந்தவர். தலையில் கம்பளிக் கட்டு, காலில் அட்டைக் கடி. ஹல்துமுல்லையிலிருந்து மலை ஏறி, தோட்டம் தோட்டமாக, கூலியாட்கள் குடியிருக்கிற லயம் லயமாகக் கூவி விற்றுக்கொண்டே பதுளை வரைக்கும் நடப்பார். துணைக்கு ஆள் கிடையாது. அதனால் பெருமாளையே துணைக்குக் கூப்பிட்டுக்கொண்டார். பயத்தைப் போக்க வாய்க்கு வந்தபடி ஒரு பாட்டும் கட்டினார்.

"ஹல்துமுல்லை ஏறி வாரார், எங்க பெருமாள் ஏறி வாரார். கம்பளியைப் போத்திக்கிட்டு காடு தாண்டி ஏறி வாரார்."

அடுத்த அடியில் பெருமாள் பண்டாரவளைக்கு வருவார், அதற்கடுத்து ஹாலிஎல. கடைசியில் பதுளை வந்து சேர்ந்து கம்பளியை உதறிக் காயப்போடுவார். அத்தோடு பாட்டு முடியும். ராமாமிர்தம் பின்னால் கடை வைத்து, கல்யாணம் கட்டி, மாடி எடுத்துக் கட்டி, நாலு பேர் மதிக்கிற ஆளான பிறகும் அந்தப் பாட்டை விடவில்லை. வருஷா வருஷம் புரட்டாசிச் சனிக்கிழமைகளில் அவர் கடை மாடியில் பஜனை நடக்கும். கடைசிப் பாட்டு அதுதான். பெருமாள் பதுளை வந்ததும் சூடம் கொளுத்துவார்கள், சுண்டல் கொடுப்பார்கள்.

பஜனையில் முன்பாட்டுக்காரர் ஒரு அடி சொல்வார், கூட்டம் அதே அடியைத் திருப்பிச் சொல்லும். முன்பாட்டு ராமாமிர்தம். மிருதங்கம் சுந்தரலிங்கம். எதிர்வாடையில் பித்தளைப் பாத்திரக் கடை வைத்திருந்த சுந்தரலிங்கம், ராமாமிர்தத்தின் மனைவி புஷ்பத்துக்குக் கூடப்பிறந்த அண்ணன். பேச்சுக் குறைவு. பஜனையில் எல்லாரும் தொண்டை கிழியப் பாடும்போதும் அவர் உதடு பிரியாது. எல்லாம் கையில்தான். ஒரு பாட்டுக்குக் கை வைத்துவிட்டால் பாடுகிறவர் முடிக்கிற வரைக்கும் எடுக்க மாட்டார். ஒருமுறை அடுத்த வீட்டு அடுக்களையில் தீப்பிடித்து ஊரே ஓடியது. ராமாமிர்தம் பயத்தில் பாட்டை அவசரமாக முடித்துவைத்த பிறகுதான் சுந்தரலிங்கம் எழுந்து வாளியைத் தேடினார்.

இப்படி ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்த வாழ்க்கையில்தான் எலக்‌ஷன் வந்து சேர்ந்தது.

அந்த வருஷம் பதுளை வரைக்கும் ரயில் வந்திருந்தது. ரயில் வந்த சூட்டோடு அரசியலும் வந்தது. சட்டசபையில் இந்தியாவிலிருந்து வந்தவர்களுக்கென்று ஆசனம், அதற்கு ஓட்டுப் போட்டு ஆள் அனுப்பலாம் என்றார்கள். ஓட்டும் எல்லாருக்கும் இல்லை. படிப்பும் சொத்தும் உள்ளவர்களுக்கு மட்டும். கம்பளியைப் போர்த்திக்கொண்டு மலையில் நிற்கிறவனுக்கு ஓட்டு கிடையாது, அதை விற்றவருக்கு உண்டு. நின்றவர்களில் ரெண்டு பேருடைய பெயர்தான் பதுளையில் அடிபட்டது. ஒருவர் கொழும்பு வக்கீல், மற்றவர் கண்டி முதலாளி.

ஹாலிஎலப் பக்கத்துத் தோட்டத்தின் பெரிய கங்காணி மருதமுத்து, ராமாமிர்தத்திடம் கம்பளியைக் கட்டுக் கட்டாக வாங்குகிறவர். கண்டி முதலாளிக்கு ஆள் சேர்க்க அவர்தான் ராமாமிர்தத்தை இழுத்தார். "நீங்க வாயைத் தொறந்தா பதுளையே திரும்பிப் பாக்கும் பிள்ளை" என்றார். இப்படிச் சொன்னால் ராமாமிர்தம் கிணற்றில்கூட இறங்கிவிடுவார். இறங்கினார். சுந்தரலிங்கமோ கொழும்பு வக்கீல்தான் படித்தவர், துரைமாரோடு சமமாக உட்கார்ந்து பேசக்கூடியவர் என்று அந்தப் பக்கம் நின்றார். அது வரைக்கும் ஒன்றும் குடி முழுகவில்லை. பண்டாரவளைக் கூட்டத்தில் ராமாமிர்தம் பேசிய பேச்சுத்தான் எல்லாவற்றையும் கெடுத்தது.

"எங்க மச்சான் கடைக்குப் போனா, கொடத்தைத் தட்டிப் பாத்து வாங்குங்கம்பாரு. ஆளை மட்டும் தட்டிப் பாக்காம வாங்கிட்டாரு" என்று சொல்லிவிட்டார்.

கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. ராமாமிர்தத்துக்கு அந்தச் சிரிப்பு வெல்லம் மாதிரி இருந்தது. அவர் ஏறிய ரயிலிலேயே அந்தப் பேச்சும் ஏறி, அவர் கடைப்படி மிதிக்கும் முன் எதிர்க்கடைக்குப் போய்விட்டது. சுந்தரலிங்கம் சண்டைக்கு வரவில்லை. கடை ஆளை அனுப்பி, மாடியில் எப்போதும் இருக்கிற தன் மிருதங்கத்தைக் கொடுத்துவிடச் சொன்னார்.

புஷ்பமே மாடிக்குப் போய், உறையைத் துடைத்து, பிள்ளையைத் தூக்குவது போல் தூக்கி வந்து கொடுத்தாள். பிறகு கணவரிடம் வந்தாள்.

"எனக்கு ஓட்டு இல்லைங்க. அண்ணன் ஒண்ணு இருக்கு. அதையும் சேத்துத் தோக்கடிச்சிடாதீங்க."

"நான் என்ன பொய்யா சொன்னேன்?" என்றார் ராமாமிர்தம்.

அன்றிலிருந்து அவருக்கு வயிறு எரிய ஆரம்பித்தது. சோறு இறங்கவில்லை. படுத்தால் யார் யார் எந்தப் பக்கம் என்கிற கணக்குத்தான் மண்டைக்குள் ஓடியது. கம்பளி வாங்க வருகிறவரிடம் முதலில் கட்சியைக் கேட்டார். பதில் பிடிக்காவிட்டால் கம்பளி இல்லை என்றார். பேப்பர் வந்தால் உரக்கப் படித்து, படித்ததற்குத் தானே கோபப்பட்டார். எதிர்க்கடையில் சுந்தரலிங்கம் கல்லாவில் உட்கார்ந்திருப்பது தெரியும். அவர் முகத்தை இந்தப் பக்கம் திருப்புவதே இல்லை. பார்க்கக்கூடாது என்று இவரும் சபதம் போட்டார், பத்து நிமிஷத்துக்கு ஒருதரம் பார்த்தார். உண்மையைச் சொன்னால் அவருக்கு மச்சான் இல்லாமல் இருக்க முடியவில்லை. அதை ஒத்துக்கொண்டால் கட்சி என்ன ஆவது, மருதமுத்து கங்காணி என்ன நினைப்பார் என்றுதான் வீம்பாக இருந்தார்.

பக்கத்தில் பீங்கான் சாமான் கடை வைத்திருந்த புஹாரி ஒருநாள் சொன்னார். "அண்ணே, கோவிச்சுக்காதீங்க. ஒங்க தொண்டை சண்டைக்குன்னு படைச்ச தொண்டை இல்ல. மூணு மாசமா அதப் போட்டுக் கெடுக்குறீங்க."

"எலக்‌ஷன் முடியட்டும், பாய்."

"எலக்‌ஷன் முடிஞ்சிரும். தொண்டை திரும்பி வரணுமே" என்றார் புஹாரி.

புரட்டாசி முதல் சனிக்கிழமை வந்தது. பதுளைச் சரித்திரத்தில் முதல்முறையாக எதிரும் புதிருமாக ரெண்டு பஜனை. ராமாமிர்தம் மாடியில் கண்டிக் கட்சி, சுந்தரலிங்கம் மாடியில் கொழும்புக் கட்சி. இங்கே பாட்டுக்காரர் உண்டு, மிருதங்கம் இல்லை. அங்கே மிருதங்கம் உண்டு, பாட்டுக்காரர் இல்லை. அந்தக் குறைக்குக் கோர்ட்டில் கிளார்க்காக இருந்த யாழ்ப்பாணத்துக் கதிர்காமநாதனைப் பிடித்து உட்கார வைத்திருந்தார்கள். நல்ல மனுஷன், பக்திமான். ஆனால் சுருதியைக் கூரையில் கொண்டுபோய் வைத்துவிட்டு, எட்டிப் பிடிக்க முடியாமல் ஒவ்வொரு அடிக்கும் இருமிக்கொண்டிருந்தார்.

ராமாமிர்தம் மாடியும் ஒன்றும் பெருமைப்படுகிற மாதிரி இல்லை. ஜால்ராவை மருதமுத்து கங்காணி எடுத்துக்கொண்டார். விடியற்காலையில் வேலை பிரித்துக்கொடுக்கிற பெரட்டுக்கு ஆள் கூப்பிடுகிற வேகத்தில் அடித்தார். பாட்டு ஒருபக்கம், தாளம் ஒருபக்கம். ராமாமிர்தத்தின் குரல் பிடிமானம் இல்லாமல் அலைந்தது. விளக்கு வைத்த நேரம், கூட்டத்தின் புழுக்கத்துக்கு ரெண்டு மாடியிலும் ஜன்னலைத் திறந்து வைத்திருந்தார்கள். கதிர்காமநாதன் இருமுகிற இடைவெளியில் எதிர் ஜன்னலிலிருந்து மிருதங்கம் மட்டும் தனியாக வந்தது. நிதானமாக, அதட்டல் இல்லாமல், அவருக்குப் பழகிய கை.

அவருக்கு அழுகை வந்தது. சபையில் அழ முடியாது, ஆகவே பாடினார். வரிசையில் அடுத்து என்ன பாட்டு என்பதையெல்லாம் மறந்து, கடைசியில் பாட வேண்டிய தன் பாட்டை எடுத்தார். "ஹல்துமுல்லை ஏறி வாரார்."

அவர் கூட்டம் திருப்பிச் சொன்னது. அதைவிடப் பெரிய சத்தத்தில் எதிர் மாடியும் திருப்பிச் சொன்னது.

வேண்டுமென்று யாரும் செய்யவில்லை. அங்கே உட்கார்ந்திருந்தவர்கள் எல்லாரும் வருஷக்கணக்காக அந்தக் குரலுக்குப் பின்பாட்டுப் பாடியவர்கள். எந்த மாடியில் இருக்கிறோம் என்று மூளை யோசிக்கும் முன் வாய் திறந்துவிட்டது. கதிர்காமநாதன் தன் அடியைப் பாதியில் விட்டுவிட்டு, "எங்கட பாட்டு இது இல்லையே" என்று சுற்றுமுற்றும் பார்த்தாராம். கொழும்புக் கட்சிக்காரர்கள் நாக்கைக் கடித்துக்கொண்டு ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள்.

மிருதங்கம் நின்றுவிட்டது.

ராமாமிர்தம் ஜன்னலைப் பார்க்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு ரெண்டாவது அடியைச் சொன்னார், கம்பளியைப் போத்திக்கிட்டு காடு தாண்டி ஏறி வாரார் என்று. ரெண்டு மாடியும் திருப்பிச் சொன்னது. அந்தச் சத்தம் அடங்கும் இடத்தில், எப்போதும் விழுகிற அதே இடத்தில், மிருதங்கம் விழுந்தது.

மச்சான் கை வைத்துவிட்டார். இனி பாட்டு முடிகிற வரைக்கும் எடுக்க மாட்டார்.

மருதமுத்து கங்காணிதான் பதறினார். ஜால்ராவை மடியில் வைத்துவிட்டு ராமாமிர்தத்தின் துண்டை இழுத்தார். "பிள்ளை, எதிர்க்கட்சி மத்தளத்துக்கு நம்ம ஆளுங்க பாடுறாங்க. நிறுத்துங்க." பாடுகிற வாயால் பதில் சொல்ல முடியாது. ராமாமிர்தம் துண்டையே கழற்றி அவர் கையில் கொடுத்துவிட்டுப் பெருமாளைப் பண்டாரவளைக்குக் கூட்டிக்கொண்டு போனார். வீதி நடுவில் நின்று கேட்டவர்களுக்கு அது ரெண்டு பஜனையாகத் தெரியவில்லை. பெரிய கூடம் ஒன்றில் நடக்கிற மாதிரி இருந்தது என்று புஹாரி பிறகு சொன்னார்.

பெருமாள் ஹாலிஎலவை நெருங்கும்போது மழை பிடித்துக்கொண்டது. பதுளையில் அந்த மாதத்து மழைக்கு முன்னறிவிப்பெல்லாம் கிடையாது. தகரக் கூரைகளில் அது விழுந்த சத்தத்தில் எதிர் மாடிப் பின்பாட்டு காணாமல் போயிற்று. அரைகுறையாகக் கேட்ட மிருதங்கமும் தடுமாறியது. பாட்டு காதில் விழாமல் சுந்தரலிங்கம் இருட்டில் படி தேடுகிறவர் போலத் தட்டுவது ராமாமிர்தத்துக்குப் புரிந்தது. இன்னும் ஒரே அடி. பெருமாள் பதுளை வந்துவிட்டால் பாட்டு முடிந்தது. மச்சான் கையை எடுத்துவிடுவார். மறுபடியும் கண்டி, கொழும்பு, வயிற்றெரிச்சல்.

மழையில் மிருதங்கத்தை எடுத்துக்கொண்டு வர முடியாது. தோல் நனைந்தால் கெட்டது. பாட்டுக்காரன் நனைந்தால் காய்ந்துகொள்ளலாம். இதை யோசிக்க அவருக்கு ஒரு மூச்சு நேரம்கூட ஆகவில்லை. ஹாலிஎல அடியைப் பாடிக்கொண்டே எழுந்தார், பாடிக்கொண்டே படியிறங்கினார், கடையில் மேலாக இருந்த கம்பளியை உருவித் தலையோடு போர்த்திக்கொண்டார். மழையில் பாடுகிறவரை விட்டுவிட்டு மாடியில் பின்பாட்டுக்காரர்கள் என்ன செய்வார்கள்? ஆளுக்கொரு கம்பளியை உருவிக்கொண்டு பின்னாலேயே வந்தார்கள். தோட்டத்து ஆளும் கடைக்காரரும் யார் யார் என்று தெரியாமல் கம்பளியாகவே நகர்ந்தது கூட்டம். முணுமுணுத்துக்கொண்டே மருதமுத்து கங்காணியும் வந்தார். கம்பளியில்லாமல் வந்தது புஷ்பம் ஒருத்திதான். புஹாரி ஓடிவந்து குடை பிடித்தார்.

சுந்தரலிங்கம் மாடியில் வழி விட்டார்கள். கதிர்காமநாதன், தப்பித்தோம் என்று மிருதங்கத்தின் பக்கத்து இடத்தைக் காலி செய்தார். ராமாமிர்தம் சொட்டச் சொட்ட அதில் உட்கார்ந்தார். சுந்தரலிங்கம் நிமிரவில்லை. ஆனால் மிருதங்கம் ஈரக் கம்பளியில் படாதபடி கொஞ்சம் தள்ளி வைத்துக்கொண்டார். அவ்வளவுதான் வரவேற்பு.

பெருமாள் பதுளை வந்தார். கம்பளியை உதறினார். சுந்தரலிங்கம் பாட்டை முடித்துவைக்கிற தீர்மானத்தை வாசித்தார். ஒருவர் சூடத்தட்டை எடுத்தார்.

ராமாமிர்தம் முடிக்கவில்லை. "ஹாலிஎலவுக்குத் திரும்பிப் போறார், எங்க பெருமாள் திரும்பிப் போறார்" என்றார்.

இப்படி ஒரு அடி அந்தப் பாட்டில் கிடையாது. ஆனால் பஜனை என்றால் பஜனை. கூட்டம் விழித்துக்கொண்டே திருப்பிச் சொன்னது. சுந்தரலிங்கத்தின் கை வேறு வழியில்லாமல் மறுபடி ஓடியது. பெருமாள் ஹாலிஎலவில் கால் வைத்து, எதையோ தேடி, திரும்பப் பதுளைக்கு வந்தார். மறுபடியும் தீர்மானம். மறுபடியும் ராமாமிர்தம் அதைக் கண்டுகொள்ளாமல் பெருமாளைப் பண்டாரவளைக்கு அனுப்பினார். சூடத்தட்டுக்காரர் உட்கார்ந்துவிட்டார். ராமாமிர்தத்தின் தொண்டை கட்டிக்கொண்டு வந்தது. சுந்தரலிங்கத்தின் நெற்றியில் வியர்வை கோடு போட்டது.

"மாப்பிள்ளை, பெருமாளை வீட்டுக்கு அனுப்புங்க. கை ஓஞ்சு போச்சு" என்றார் சுந்தரலிங்கம், பல்லைக் கடித்துக்கொண்டு.

மூன்று மாதத்தில் அவர் இவரிடம் பேசிய முதல் பேச்சு அது. அது போதாது என்று ராமாமிர்தம் தலையை ஆட்டினார். மிச்சமிருந்த குரலை எல்லாம் திரட்டிக்கொண்டு அடுத்த அடியைச் சொன்னார்.

"தட்டிப் பாக்காமப் பேசிப்புட்டேன், எங்க மச்சான் கோவிச்சிட்டார். மச்சான் பேசாம வரமாட்டார், எங்க பெருமாள் வரமாட்டார்."

கண்டிக் கட்சியும் கொழும்புக் கட்சியும் ஒரே குரலில் அதைத் திருப்பிச் சொன்னது. மருதமுத்து கங்காணியும் சொன்னார், கதிர்காமநாதனும் சொன்னார், வாசலில் நின்ற புஷ்பமும் சொன்னாள். அப்படி அத்தனை வாயும் ஒன்றாகக் கேட்டால் எந்த மனுஷன் தாங்குவான்? சுந்தரலிங்கத்தின் தோள் குலுங்கியது. முதலில் சிரிக்கிறாரா அழுகிறாரா என்று தெரியவில்லை. ரெண்டும்தான்.

"உங்க ஆளு ஜெயிச்சாலும் பேசுறேன், தோத்தாலும் பேசுறேன். இப்ப முடிங்க" என்றார்.

பெருமாள் ஒருவழியாகப் பதுளை வந்து சேர்ந்தார்.

அன்றைக்கு ராமாமிர்தம் மச்சான் வீட்டில் ரெண்டுமுறை வாங்கிச் சாப்பிட்டார். வீட்டுக்கு வந்து படுத்தவர் விடிந்து கடை திறக்கும் நேரம் தாண்டித்தான் எழுந்தார். வயிற்றெரிச்சல் போன இடம் தெரியவில்லை. இதனால் ரெண்டு பேரும் ஒரே கட்சிக்கு வந்துவிட்டார்கள் என்று நினைத்தால் தப்பு. ஓட்டுப் போடுகிற அன்றைக்கு ரெண்டு பேரும் ஒரே மாட்டு வண்டியில் போனார்கள், ஆளுக்கொரு பக்கம் போட்டார்கள், வரும் வழியெல்லாம் அதைப் பற்றிச் சண்டை போட்டுக்கொண்டே வந்தார்கள். நடுவில் ராமாமிர்தம் ஒரு பாட்டை முனகுவார். சுந்தரலிங்கம் வண்டிப் பலகையில் தட்டுவார். சண்டை ஓய்ந்துவிடும், பிறகு தொடரும்.

கடைசியில் ஜெயித்தது கண்டி முதலாளி. செய்தி தந்தியில் வந்தது. மருதமுத்து கங்காணி வண்டி நிறைய ஆளோடு வந்து ராமாமிர்தம் கழுத்தில் மாலையைப் போட்டார், கடை வாசலில் பட்டாசுக் கட்டைப் பிரித்தார். ராமாமிர்தம் எதிர்க்கடையைப் பார்த்தார். சுந்தரலிங்கம் உள்ளே நின்றுகொண்டு கதவுப் பலகைகளை ஒவ்வொன்றாகப் பொருத்திக்கொண்டிருந்தார். கடைசிப் பலகையும் விழுந்தது. கை வலித்த வேளையில் கொடுத்த வாக்குத்தானே என்று நினைத்துக்கொண்டார் ராமாமிர்தம். ஜெயித்த சந்தோஷம் எங்கே போயிற்று என்று தெரியவில்லை.

அப்போது பலகைக்குப் பின்னாலிருந்து சத்தம் வந்தது. பித்தளைக் குடத்தில் விரலால் தட்டுகிற சத்தம். ஹல்துமுல்லைக்கு எடுப்புத் தாளம். ஒரு சுற்று வாசித்துவிட்டு, பாடுகிறவருக்காக நின்றது.

கங்காணி பட்டாசுக்கு நீட்டிய தீக்குச்சியை ராமாமிர்தம் தட்டிவிட்டார். மாலையைக் கழற்றிக் கம்பளிக் கட்டின் மேல் வைத்துவிட்டு வீதிக்கு இறங்கி நின்று, "ஹல்துமுல்லை ஏறி வாரார்" என்று எடுத்தார்.

கங்காணியின் ஆட்கள் புரியாமல் நின்றார்கள். திருப்பிச் சொல்ல அங்கே கூட்டம் இல்லை. பலகைக்குப் பின்னாலிருந்து, சுருதி சேராமல், வாழ்நாளில் ஒரு அடி பாடியிராத ஒரு குரல் அதைத் திருப்பிச் சொன்னது.